கப்ளிங் சார்

வாசகரே, திருத்தர் என்று ஓர் இனம் உண்டு. விலங்கியல் புத்தகத்தில் தேடாதீர்கள், கிடைக்காது. உங்கள் அலுவலகத்தில் கிடைக்கும், உங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தில் கிடைக்கும், அதிர்ஷ்டம் இருந்தால் உங்கள் சாப்பாட்டு மேசையிலேயே எதிர் நாற்காலியில் கிடைக்கும். அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். உங்கள் வீட்டில் திருடன் புகுந்துவிட்டான் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பதறியடித்துக்கொண்டு ஓடிப்போய் அவரிடம் ஆங்கிலத்தில் சொல்கிறீர்கள். சொல்லி முடிப்பதற்குள் அவர் முகத்தில் ஒரு வேதனை தெரிகிறது. திருடனை நினைத்து அல்ல. 'பிரேக்' போட்டு 'இன்டு' போட வேண்டிய இடத்தில் நீங்கள் 'இன்சைட்' போட்டுவிட்டீர்கள். திருடன் பீரோவைத் திறந்துகொண்டிருப்பான். அவர் உங்களை அந்த வாக்கியத்தை இன்னொரு முறை சொல்லச் சொல்வார்.

இந்த இனத்தில் எனக்கு வாய்த்தவர் பெயர் லக்ஷ்மிநாராயணன். ஹைதராபாத்தில், பாலாநகர் பக்கம், நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தில் அவர் நான்காவது மாடி. நானும் என் மனைவி ஸ்டெல்லாவும் மூன்றாவது. நாங்கள் பாளையங்கோட்டையிலிருந்து வந்து பன்னிரண்டு வருடம்தான் ஆகிறது. அவர் இங்கேயே பிறந்தவர். அவருடைய அப்பா மதராஸ் ராஜதானிக் காலத்தில் வேலை தேடி வந்து, ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராகச் சேர்ந்தவர். ஆகவே லக்ஷ்மிநாராயணன் பேசும் தமிழில் ஹைதராபாத் உருது கலந்து, ஆமாம் என்பதற்கு 'ஹவ்' வரும், வேண்டாம் என்பதற்கு 'நக்கோ' வரும், எதற்கு என்பதற்கு 'கைக்கு' வரும், நடுநடுவே தெலுங்கும் வரும். அதிலெல்லாம் அவருக்கு ஒரு கூச்சமும் கிடையாது. மூன்று மொழியையும் ஒரே பாத்திரத்தில் போட்டுக் கிண்டுவார். ஆங்கிலத்தில் மட்டும் ஒரு துளி சிந்தக்கூடாது.

அதிலும் குறிப்பாக அவருக்கு உயிர்நாடி எது தெரியுமா? 'புட் அப் வித்', 'ரன் அவுட் ஆஃப்', 'கெட் அவே வித்', 'லுக் ஃபார்வர்டு டு' என்று ஆங்கிலத்தில் இரண்டு மூன்று சின்ன வார்த்தைகள் கைகோத்துக்கொண்டு வருமே, அந்தக் கூட்டம்தான். இதற்காக அப்பாவின் ஒர்க்‌ஷாப்பிலிருந்து ஒரு சித்தாந்தமே கொண்டுவந்திருக்கிறார். எங்கள் கட்டடத்துக்குப் புதிதாக யார் குடிவந்தாலும், பால்காரர் யார், தண்ணீர் எப்போது வரும் என்பதற்கு முன்னால் இதைத் தெரிந்துகொண்டாக வேண்டும்.

"பாருங்கோ டேனியல் சார், 'புட்'டுங்கறது எஞ்சின். 'அப்'புங்கறது எஞ்சினோட பாகம், அதைத் தனியா கழட்ட நக்கோ. பின்னால வருதே 'வித்', அதுதான் பெட்டியை மாட்டற கப்ளிங். அதுக்கப்புறம் பெட்டி. கப்ளிங்கை மாத்திப் போட்டா என்ன ஆகும்?"

"பெட்டி கழண்டுடும் சார்."

"ஹவ்! கழண்டுடும்! ஆனா இந்த ஊர்ல யாருக்காவது கவலை இருக்கா? கைக்கு சார் இப்படி எழுதறாங்க?"

அவருக்குக் கப்ளிங் சார் என்று பெயர் வைத்தது நான் இல்லை. வைத்தவர் யாரென்று தெரிந்தாலும் சொல்லமாட்டேன்.

அவருடைய பரம வைரி 'கோப் அப் வித்'. 'கோப்' என்ற எஞ்சினுக்கு 'அப்' என்ற பாகமே கிடையாதாம். 'புட் அப் வித்'தைப் பார்த்து யாரோ ஆசைப்பட்டு ஒட்டிவிட்டார்களாம். நான் ஜீடிமெட்லாவில் மாத்திரை செய்யும் ஒரு கம்பெனியில் காகிதம் சரிபார்க்கும் வேலையில் இருக்கிறேன். நாங்கள் 'கோப் அப் வித்' என்று எழுதிய கடிதங்களோடு நாற்பது தேசங்களுக்கு மாத்திரை போகிறது, தின்றவர்களுக்குக் காய்ச்சலும் இறங்குகிறது என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. சரி, இந்தியர்கள்தான் இப்படி என்று பார்த்தால், எங்களுக்கு அமெரிக்காவிலிருந்து ஒருவர் 'சர்க்கிள் பேக் டு யூ' என்று எழுதியிருந்தார். அதைக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு படித்தார். "அவங்களும் கெட்டுப் போயிட்டாங்க" என்றார்.

மனிதர் எங்கே கற்றார் இதை? பாலாநகரில் ஒரு கம்பெனியில் முப்பத்தொரு வருடம் கடிதப் பிரிவில் வேலை. அங்கே ஒரு வழக்கம். வெளியே போகிற எந்தக் கடிதமும் முதலில் வரைவாக அவர் மேசைக்கு வரும். அவர் சிவப்பு மையில் திருத்தித் தட்டில் போடுவார். அது டைப் பிரிவுக்குப் போய்ச் சுத்தப் பிரதியாகித் திரும்பி வரும். அதன் பிறகுதான் பெரியவர்கள் கையெழுத்துப் போடுவார்கள். ஒரு வரைவில் சிவப்பு மை படவில்லை என்றால் என்ன அர்த்தம்? கடிதம் சரியாக இருக்கிறது என்றா? இல்லை. லக்ஷ்மிநாராயணன் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். ஆகவே முப்பத்தொரு வருடமாக அவர் மேசையைத் தொட்ட எந்தக் காகிதமும் சிவக்காமல் போனதில்லை. ஒருமுறை ஸ்டோர் ரூமுக்குள் தண்ணீர் கசிந்து வருகிறது, உடனே ஆள் அனுப்பவும் என்று வாட்ச்மேன் சீட்டு எழுதி அனுப்பினான். அதுவும் வழக்கப்படி தட்டில் வந்தது, சிவந்தது, சுத்தப் பிரதிக்குப் போனது. கையெழுத்தாகி வெளியே வந்தபோது ஸ்டோரில் கணுக்கால் அளவு தண்ணீர். ஆனால் சீட்டில் ஒரு குறை சொல்ல முடியாது என்று இன்றைக்கும் சொல்வார்.

ஓய்வு பெற்றபின் தட்டு போய்விட்டது. வாட்ஸப் வந்துவிட்டது. எங்கள் கட்டடத்தின் குழுவில் செயலாளர் ராகவேந்திரா லிஃப்ட் ஓடாது என்று போடுவார். அடுத்த நிமிடம் கீழே திருத்தம் விழும். குப்பை வண்டி வராது என்றால் திருத்தம், மோட்டார் கெட்டுவிட்டது என்றால் திருத்தம். இரண்டாம் மாடி பிரசன்னாவின் தாயார் காலமான செய்தியிலும் 'பாஸ் அவே'க்குப் பின்னால் ஏதோ தவறாக ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பதின்மூன்றாம் நாள் காரியம் முடிந்த பிறகு, தனியாக அழைத்துத்தான் சொன்னார். அவ்வளவு நாள் பொறுத்திருந்தது பெருந்தன்மை என்று அவர் நினைத்தார். பிரசன்னா அப்படி நினைக்கவில்லை.

இவ்வளவும் சிரிப்பாகத்தான் இருந்தது, போன மாதம் வரை.

அவருக்கு ஒரே மகள், ரோகிணி. குருகிராமில் ஏதோ கம்பெனியில் வேலை. இங்கேயே பள்ளிக்கூடம் படித்த பெண், ஆகவே தமிழ் பேச வரும், எழுத வராது. அப்பாவுக்கு எழுதுவதென்றால் ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். அந்தக் குழந்தையின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். ஏழாம் வகுப்பில் சுற்றுலா போன இடத்திலிருந்து ஒரு கடிதம் எழுதினாள். திரும்பி வந்தபோது மேசைமேல் சிவப்பு மையோடு காத்திருந்தது. கல்லூரி விடுதியிலிருந்து மெயில் அனுப்பினாள். அதுவும் திருத்தங்களோடு திரும்பிப் போனது. பிறகு குறுஞ்செய்தி. அதற்கும் அதே கதி. கடைசியாகக் குழந்தை ஒரு வழி கண்டுபிடித்தது. இரண்டு வருடமாக அப்பாவுக்கு அவள் அனுப்புவது கட்டைவிரல் பொம்மை ஒன்றுதான். சாப்பிட்டாயா? கட்டைவிரல். உடம்பு எப்படி? கட்டைவிரல். கட்டைவிரலில் கப்ளிங் கிடையாது அல்லவா?

ஒரு வியாழக்கிழமை. நான் விடுப்பில் இருந்தேன். சாயங்காலம் காற்று வாங்க மொட்டை மாடிக்குப் போனால், லக்ஷ்மிநாராயணன் போனைக் கையில் வைத்துக்கொண்டு முகமெல்லாம் மலர்ந்து நிற்கிறார். வீட்டில் அவர் மட்டும்தான். அவர் மனைவி ருக்மிணி அம்மாள் தங்கை மகளுக்குப் பிரசவம் என்று திருவள்ளூர் போய்ப் பத்து நாளாகியிருந்தது.

"டேனியல் சார், ஆவோ ஆவோ. ரோகிணி எழுதியிருக்கா! ரெண்டு வருஷத்துக்கப்புறம் முழு லெட்டர்! பத்து வரி!"

எனக்கும் சந்தோஷமாக இருந்தது. "என்ன எழுதியிருக்கு சார்?"

"பத்து வரியில அஞ்சு தப்பு. நேத்துக் காலைலயே திருத்தி அனுப்பிட்டேன். பாருங்கோ."

போனை வாங்கினேன். 'வாக் அவுட்' என்று போட்டு 'ஃப்ரம்' எழுதியிருந்தாள். 'ஆஃப்' வர வேண்டும். 'புட் அப்'புக்குப் பின்னால் 'டு' போட்டிருந்தாள், அது 'வித்'. 'ஷோ அப் இன்' என்று ஓரிடத்தில், அது 'அட்'. இப்படி ஐந்தையும் நட்சத்திரக்குறி போட்டு வரிசையாக எழுதி, கடைசியில் 'முன்னேற்றம் தெரிகிறது, சுத்தப் பிரதி அனுப்பவும்' என்று ஆங்கிலத்தில் முடித்திருந்தார். அதற்குக் கீழே அவளிடமிருந்து ஒரு கட்டைவிரல்.

"ஒத்துக்கிட்டா பாருங்கோ" என்றார் பெருமையாக.

இந்த இடத்தில் ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. நான் அந்தக் கடிதத்தை மேலிருந்து கீழ்வரை இன்னொரு முறை படித்தேன். படித்துவிட்டு, "சார், ஆறாவது ஒண்ணு விட்டுட்டீங்களே" என்றேன்.

"எங்கே?"

"இதோ, கடைசிக்கு முந்தின வரி. 'மூவ் இன் டு சௌம்யா'ன்னு இருக்கு. 'வித்' இல்லையா?"

அவர் முகத்தில் ஆச்சரியம், மரியாதை, கொஞ்சம் பொறாமை. "அரே! எப்படி விட்டேன்?" பிறகு நாங்கள் இருவரும் அந்தப் போன்மேல் குனிந்துகொண்டு, ஒருவரோடு குடிபோவதற்கு எந்தக் கப்ளிங், ஓர் இடத்துக்குக் குடிபோவதற்கு எந்தக் கப்ளிங் என்று பத்து நிமிடம் விவாதித்தோம். இரண்டு படித்த மனிதர்கள். கண்ணாடி போட்டவர்கள்.

துணி எடுக்க ஸ்டெல்லா வந்தாள். கொடியிலிருந்து துணியை உருவிக்கொண்டே, "என்ன ரெண்டு பேரும் தலைய முட்டிக்கிட்டு நிக்கீங்க?" என்றாள். ரோகிணி எழுதியிருக்கிறாள் என்று போனை நீட்டினேன். ஸ்டெல்லா பத்தாம் வகுப்பு வரை படித்தவள். ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். ஒவ்வொரு வரியாக உதட்டை அசைத்துப் படித்தாள். பாதியில் கையிலிருந்த துணி கீழே விழுந்தது.

"ஐயோ, இந்தப் பிள்ள வேலைய விட்டுட்டு வருதுல்லா!"

"எந்தப் பிள்ளை?" என்றேன் நான். சத்தியமாக அப்படித்தான் கேட்டேன்.

"ரோகிணிதான்! மேனேஜர் ஆறு மாசமா எல்லார் முன்னாலயும் திட்டுதானாம், தாங்க முடியாம எந்திரிச்சு வந்துட்டாளாம். அப்பாட்ட சொல்லப் பயமா இருக்குன்னு எழுதிருக்கா. வியாழக்கிழமை சாயங்காலம் அஞ்சரைக்கு சிகந்தராபாத் ஸ்டேஷன்ல வந்து எறங்குதாளாம். அப்பா ஸ்டேஷனுக்கு வந்தா வீட்டுக்கு வருவாளாம். வரலைன்னா கோவமா இருக்காருன்னு நெனச்சுக்கிட்டு சிநேகிதி அந்த சௌம்யா வீட்டோட போயிருவாளாம். அம்மாட்ட சொல்ல வேண்டாமாம்." நிறுத்திவிட்டு எங்கள் இருவரையும் பார்த்தாள். "இன்னைக்கு என்ன கிழமை?"

லக்ஷ்மிநாராயணன் போனை வாங்கிப் பார்த்தார். முப்பத்தொரு வருட வழக்கத்தில் முதல் தடவையாக ஒரு கடிதத்தைப் படித்தார் என்று நினைக்கிறேன். மனிதருக்கு முகம் வெளுத்துவிட்டது. மணி ஐந்து பத்து.

செருப்பைத் தேட நேரமில்லாமல் என் செருப்பைப் போட்டுக்கொண்டு அவர் ஓட, நான் ஸ்டெல்லாவின் செருப்பைப் போட்டுக்கொண்டு பின்னால் ஓட, அவள் வெறுங்காலோடு எங்களுக்கு முன்னால் ஓடி ஆட்டோவை நிறுத்தினாள். பாலாநகரிலிருந்து சிகந்தராபாத் ஸ்டேஷன் அந்த நேரத்தில் முக்கால் மணி. ஆட்டோக்காரர் ஒரு முறை திரும்பிப் பார்த்தார். "கைக்கு பரேஷான் சாப்? டென்ஷன் நக்கோ" என்று சொல்லிவிட்டு ஒரு பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவே நுழைந்தார்.

"போன் போடுங்க சார்" என்றேன்.

"என் போனை எடுக்கமாட்டா. எடுத்து வருஷமாச்சு. மெசேஜ் போடறேன்."

சரி என்று நானும் இருந்தேன். மெசேஜ்தானே? வருகிறேன், காத்திரு, இரண்டு வார்த்தை. போயின்பள்ளியில் பார்த்தேன், எழுதிக்கொண்டிருந்தார். தாட்பண்ட் சிக்னலில் பார்த்தேன், எழுதிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். ஸ்டேஷனுக்குக் கிளம்பிவிட்டேன் என்பதற்கு 'செட் அவுட் ஃபார்' என்று எழுதியிருந்தார். அழித்தார். 'ஸ்டார்ட் அவுட் டு' என்று எழுதினார். அழித்தார். வியர்வை சொட்டச் சொட்ட, மறுபடி 'செட் அவுட்', மறுபடி அழிப்பு. மகளுக்குத் தப்பாக எழுதிவிடக்கூடாதாம்! அவரைத் திட்டுவதா, கட்டிக்கொண்டு அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

பாரடைஸ் பக்கம் ஆட்டோ நின்றபோது ஸ்டெல்லாவுக்குப் பொறுமை போய்விட்டது. போனைப் பிடுங்கினாள். அந்த ஒலிவாங்கிப் பொம்மையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, பாளையங்கோட்டை மார்க்கெட்டில் பேசுகிற குரலில் பேசினாள்:

"ஏ ரோகிணி, கீழ்வீட்டு ஸ்டெல்லா ஆன்ட்டி பேசுதேன். ஒங்கப்பா ஆட்டோல வந்துக்கிட்டே இருக்காங்க. அங்கனயே இரு, எங்கயும் போயிராத. கேட்டியா?"

பத்து விநாடியில் முடிந்தது.

ஸ்டேஷனுக்குள் நுழையும்போது ஆறு மணி. வெளியே வரும் வழியில், தண்ணீர் பாட்டில் விற்கும் கடை ஓரமாக, ஒரு நீலப் பெட்டிமேல் ரோகிணி உட்கார்ந்திருந்தாள். இளைத்துப் போயிருந்தாள். அப்பாவைப் பார்த்ததும் எழுந்தாள், ஆனால் பக்கத்தில் வரவில்லை. அவரும் நான்கு அடி தள்ளியே நின்றுவிட்டார்.

"ஆன்ட்டி வாய்ஸ் வரலைன்னா போயிருப்பேன்" என்றாள். "டாக்ஸி புக் பண்ணி கேன்சல் பண்ணேன். ட்ரெயின் உள்ள வரப்பவே ஃபோனைப் பார்த்தேன்பா. நீங்க டைப்பிங், டைப்பிங்னு வந்துட்டே இருந்துச்சு. அரைமணி நேரம். இன்னும் எத்தனை மிஸ்டேக் கண்டுபிடிச்சிருக்கீங்களோன்னு உக்காந்து பாத்துட்டே இருந்தேன்."

கூட்டம் இரண்டு பக்கமும் இடித்துக்கொண்டு போயிற்று.

"நான் படிச்சுட்டேன்னுதான்மா நெனச்சேன்" என்றார் லக்ஷ்மிநாராயணன்.

பிறகு பெட்டியைத் தூக்கப் போனார். கனம் தாங்காமல் தடுமாறினார். அவள் ஓடிவந்து மறுபக்கம் பிடித்துக்கொண்டாள். இருவரும் அழுதார்கள். நானும் அழுதேன், மறைப்பானேன்? ஸ்டெல்லா மட்டும் அழவில்லை. ஆட்டோக்காரர் போய்விடப் போகிறார் என்று எங்களை விரட்டிக்கொண்டிருந்தாள்.

திருந்திவிட்டாரா என்று கேட்கிறீர்களா? திருத்தர்கள் திருந்துவதாவது! ரோகிணி இப்போது இங்கேயே வேலை தேடுகிறாள். பேகம்பேட்டில் இரண்டு இடத்தில் நேர்முகம் முடிந்திருக்கிறது. விண்ணப்பங்களை எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதி, ஸ்டெல்லாவிடம் காட்டிவிட்டு அனுப்புகிறாள். ஸ்டெல்லா எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "என்ன சொல்ல வாரன்னு எனக்கே புரியுது, அவனுக்குப் புரியாதா? அனுப்பு" என்கிறாள். அந்த நேரம் பார்த்து லக்ஷ்மிநாராயணனுக்கு எங்கள் வீட்டில் கறிவேப்பிலை தேவைப்படும். வாசலில் நின்று கழுத்தை நீட்டுவார். அவருடைய பையில் சிவப்புப் பேனா இருப்பது தெரியும். எடுக்கமாட்டார். கை மட்டும் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கும். அவ்வளவுதான் முன்னேற்றம். அதுவே பெரிய விஷயம்.

அவரைக் கேலி செய்ய எனக்கு யோக்கியதை உண்டா? ஆறாவது பிழையைக் கண்டுபிடித்தவன் நான். ஸ்டெல்லா அதை மறக்கவும் இல்லை, மன்னிக்கவும் இல்லை. வீட்டில் நான் எது பேசினாலும், "ஆமா, நீங்க பெரிய படிப்பாளி" என்கிறாள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். எனக்கு ஆங்கிலமே அவ்வளவாக வராது, நான் எப்படித் திருத்தராவேன் என்று நிம்மதியாக நாற்காலியில் சாய்ந்துகொள்கிறீர்கள். நல்லது. நேற்று உங்கள் வீட்டில் ஒரு குழந்தை பள்ளிக்கூடம் விட்டு ஓடிவந்து, உங்கள் சட்டையைப் பிடித்து இழுத்து மூச்சுவாங்க ஏதோ சொல்ல ஆரம்பித்ததே, நினைவிருக்கிறதா? நடுவில் நிறுத்தி, "ல இல்லை, ழ, நாக்கை மடி, இன்னொரு தரம் சொல்லு" என்றீர்கள். அதுவும் நாக்கை மடித்து, நான்கைந்து தரம் சொல்லிப் பார்த்து, கடைசியில் ழகரத்தை அழகாகச் சொல்லிவிட்டது. நீங்களும் முதுகில் தட்டிக்கொடுத்து அனுப்பிவிட்டீர்கள்.

அது என்ன சொல்ல வந்தது?